பால்மரக் கூலியும் ஸ்டாக்ஹோம் பரிசும்

(பினாங்கின் ஜார்ஜ் டவுனில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தொழிலாளர் பொருளாதார ஆய்வுக்கு உலகம் கொடுக்கும் விருதுகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று அறக்கட்டளைக் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். விருது என்றதும் நமக்கு மாலையும் பொன்னாடையும் புகைப்படமும்தான் கண்ணில் நிற்கும். (குறை சொல்லவில்லை, சற்று முன்னர் எனக்கும் ஒன்று போர்த்தினார்கள்.) யாருக்கு எந்த ஆண்டு என்ன கிடைத்தது என்று பட்டியல் வாசிப்பதில் எனக்கு விருப்பமில்லை. அந்த விருதுகளில் ஒன்று நம் வீட்டு விஷயத்துக்குக் கிடைத்தது. அதை நாம் இன்னும் சரியாகப் படிக்கவில்லை. அதைப் படிக்கத்தான் இந்த மாலைப் பொழுது.

1979ஆம் ஆண்டு பொருளாதார நோபல் பரிசு இருவருக்குக் கிடைத்தது. ஒருவர் அமெரிக்கரான தியோடர் ஷுல்ட்ஸ். மற்றவர் ஆர்தர் லூயிஸ். கரீபியன் கடலிலுள்ள செயிண்ட் லூசியா தீவில் 1915இல் பிறந்த கறுப்பின மனிதர். சமாதானப் பரிசு நீங்கலாக, வேறு எந்தத் துறையிலும் நோபல் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர்தான். பொறியாளராக ஆசைப்பட்டவர், ஆனால் கறுப்பர் ஒருவரைப் பொறியாளராக வேலைக்கு வைக்க அரசாங்கமும் தயாரில்லை, வெள்ளையர் நிறுவனங்களும் தயாரில்லை என்பது தெரிந்ததும் லண்டனுக்குப் போய் வணிகவியல் படித்தார். அவர் பிறந்த தீவிலும் கரும்பு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து கப்பலில் கொண்டுபோன ஒப்பந்தக் கூலிகளும் உண்டு. 1930களில் கரீபியத் தீவுகளில் மூண்ட தொழிலாளர் கலவரங்களைப் பற்றி 1939இல், இளைஞராக இருக்கும்போதே, ஒரு சிறுநூல் எழுதினார். தோட்டம் என்றால் என்ன, தோட்டக்கூலி என்றால் என்ன என்று அவருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை.

மாணவப் பருவத்திலிருந்தே அவரை ஒரு கேள்வி அரித்துக்கொண்டிருந்தது. எஃகுக்கும் காப்பிக்கும் இடையிலான விலை விகிதத்தை எது தீர்மானிக்கிறது? காப்பிக்காரன் எவ்வளவு பாடுபட்டாலும் ஏன் கொஞ்சமே கிடைக்கிறது? பாடப்புத்தகப் பதில் அவருக்குத் திருப்தி தரவில்லை. 1952 ஆகஸ்டில் ஒருநாள் பாங்காக்கில் சாலையில் நடந்துகொண்டிருக்கும்போது விடை சட்டென்று பிடிபட்டது என்று அவரே எழுதியிருக்கிறார். பாங்காக் நமக்குத் தூரமில்லை, பட்டர்வொர்த்தில் ரயில் ஏறினால் போய்விடலாம். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1954இல், எல்லையற்ற உழைப்பு வழங்கலோடு நடக்கும் பொருளாதார வளர்ச்சி பற்றிய கட்டுரையை மான்செஸ்டரிலிருந்து வெளியிட்டார். பரிசுக்கு அடிப்படை அந்தக் கட்டுரைதான்.

அவர் சொன்னதை நம் மொழியில் சொல்லிப் பார்க்கிறேன். பால்மரத் தோட்டத்தில் ஒருவருக்கு என்ன கூலி கொடுப்பது என்பதை ரப்பரின் விலை தீர்மானிப்பதில்லை. அவர் எத்தனை மரம் சீவுகிறார் என்பதும் தீர்மானிப்பதில்லை. அவர் ஊரிலேயே இருந்திருந்தால் வயலில் என்ன கிடைத்திருக்கும் என்பதே தீர்மானிக்கிறது. அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் போதும், ஆள் கப்பல் ஏறிவிடுவார். அவருக்குப் பின்னால் இன்னும் நூறு பேர் நிற்கும்வரை அதற்கு மேல் ஒரு காசு கொடுக்க முதலாளிக்கு அவசியமில்லை. கூலி அப்படியே நிற்கும், லாபம் வளரும்.

1970களின் பின்பாதியில் லூயிஸ் இதை உலக அளவுக்கு விரித்தார். 19ஆம் நூற்றாண்டின் பின்பகுதியிலிருந்து இரண்டு பெரும் குடிபெயர்வுகள் நடந்தன. ஐரோப்பாவிலிருந்து சுமார் 5 கோடிப் பேர் அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, அர்ஜென்டினா போன்ற குளிர்நாடுகளுக்குப் போனார்கள். இந்தியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் அதே அளவு, சுமார் 5 கோடிப் பேர், வெப்பநாடுகளின் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் போனார்கள். 1900 வாக்கில் பிரிட்டனில் ஓர் ஏக்கருக்கு 1,600 பவுண்டு கோதுமை விளைந்தது. வெப்பநாடுகளில் ஓர் ஏக்கருக்கு 700 பவுண்டு தானியம். ஐரோப்பியனை ஊரைவிட்டுக் கிளப்ப அதிகம் கொடுக்க வேண்டியிருந்தது. நம்மவரைக் கிளப்ப நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங்கோ அதற்கும் குறைவாகவோ போதுமானதாக இருந்தது. ஆகவே கம்பளிக்கும் கோதுமைக்கும் ஒரு விலை; ரப்பருக்கும் தேயிலைக்கும் வேறு விலை. ஆஸ்திரேலியாவில் ஆடு வளர்ப்பவனும் நைஜீரியாவில் நிலக்கடலை பயிரிடுபவனும் ஒரே சிரத்தையோடு, ஒரே திறமையோடு உழைக்கலாம், பலன் மட்டும் ஒன்றாக இராது என்பது அவர் காட்டிய உதாரணம்.

இதில் இன்னொரு கசப்பும் உண்டு. தோட்டத்தில் உற்பத்தித்திறனை எவ்வளவு உயர்த்தினாலும் கூலி அதோடு சேர்ந்து உயராது. விலை குறையும், அல்லது லாபம் கூடும். கரும்பைப் பற்றி லூயிஸ் இதைச் சொன்னார். இதற்குச் சாட்சி நம் பால்காடுகளிலேயே நின்றது. மலாயா ரப்பர் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய ஆர்.ஆர்.ஐ.எம். 600 போன்ற ஒட்டுமரங்கள், பழைய விதைமரங்களைப் போல இரண்டு மூன்று மடங்கு பால் கொடுத்தன. மரம் மூன்று மடங்கு கொடுத்தது, சரி. விடியுமுன் ஆள்கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு இருட்டில் நெற்றி விளக்கோடு காட்டுக்குள் போனவருக்கு மூன்று மடங்கு சம்பளம் வந்ததா?

இங்கே ஒரு பழைய பேச்சை எடுத்துக்கொள்கிறேன். நம் வீட்டுத் திண்ணைகளிலும் கல்யாண மண்டபங்களிலும் இன்றுகூட அது அடிபடுகிறது. "நம்ம ஆளுங்க படிக்கல, கள்ளுக்கடையே கதின்னு கிடந்தாங்க, அதான் முன்னேறல." படிப்புக்கும் கூலிக்கும் உறவு இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஜெர்மனியின் பான் நகரில் அப்போது இயங்கிய ஐ.இசட்.ஏ. ஆய்வு நிறுவனம் தொழிலாளர் பொருளாதாரத்துக்கென்றே 2002இல் ஒரு பரிசை ஏற்படுத்தி, முதல் பரிசை ஜேக்கப் மின்சருக்குக் கொடுத்தது. ஒருவர் எத்தனை ஆண்டு படித்தார், எத்தனை ஆண்டு வேலைபார்த்தார் என்ற இரண்டையும் வைத்து அவரது சம்பளத்தைக் கணிக்கும் சமன்பாட்டைக் கொடுத்தவர் அவர். அலுவலகத்துக்கும் தொழிற்சாலைக்கும் அது பொருந்தும். தோட்டத்துக்கு வரும்போது தடுமாறுகிறது. அரசாங்கம் நிர்ணயித்த தோட்டக்கூலியில் அனுபவத்துக்கென்று ஒரு காசு இல்லை. நாளுக்கு இன்ன விகிதம், அவ்வளவுதான். பாட்டன் குடித்தாரா குடிக்கவில்லையா என்பதற்கும் அந்த விகிதத்துக்கும் தொடர்பே கிடையாது. பழி சுமந்தது நம் ஆள், கணக்கு எழுதப்பட்டது வேறு இடத்தில்.

இதுவரை லூயிஸுக்கு வக்கீலாகப் பேசினேன். இனி அவரோடு கொஞ்சம் மோத வேண்டும்.

எல்லையற்ற வழங்கல் என்கிறாரே, அது மழைபோலத் தானாகப் பெய்ததா? பினாங்கின் கதையைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. 1794இல், பினாங்கில் ஆங்கிலேயக் குடியேற்றத்தை நிறுவிய பிரான்சிஸ் லைட் எழுதிய குறிப்பில், ஆண்டுதோறும் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பல்கள் 1,300 முதல் 2,000 பேரைக் கொண்டுவருவதாகவும், அவர்கள் வியாபாரமும் வேலையும் செய்து சில வெள்ளிகளைச் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்ப, வேறு ஆட்கள் அந்த இடத்துக்கு வருவதாகவும் சொல்கிறார். அது போக்குவரத்து, விருப்பப்படி வந்தார்கள், போனார்கள். பின்னர் அக்கரையில், இன்று செபராங் பிறை என்கிறோமே அங்கே, கரும்புத் தோட்டங்கள் எழுந்தன. அப்போதுதான் சஞ்சிக்கூலி என்ற ஒப்பந்த முறை வந்தது. கையெழுத்துப் போட்டவர் தோட்டத்தை விட்டுப் போனால் குற்றவாளி. வழங்கலைச் சட்டம் கட்டிப்போட்டது.

ரப்பர் வந்ததும் சஞ்சி போதவில்லை, கங்காணிகள் ஊருக்கே போய்த் தம் சொந்தபந்தங்களை அழைத்துவந்தார்கள். நம் இலக்கியத்தில் வில்லன் எப்போதும் கங்காணிதான். எனக்குக் கங்காணியைவிட முக்கியமாகத் தோன்றுவது 1907ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த தமிழர் குடிநுழைவு நிதி. பிற்பாடு இந்தியர் குடிநுழைவு நிதி என்று பெயர் மாறியது. அதன் ஏற்பாடு எளிது. தமிழரை வேலைக்கு வைத்திருக்கும் ஒவ்வொரு முதலாளியும், தானே ஆள் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், எத்தனை நாள் வேலை வாங்கினாரோ அதற்கேற்ப நிதிக்குப் பணம் கட்ட வேண்டும். அந்தப் பணத்தில் கங்காணியின் ஆள்பிடிப் படியும், ரயில் கட்டணமும், நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் இங்கு வரும் கப்பல் கட்டணமும் போகும். வந்தவர் கடனாளி இல்லை, பயணம் இலவசம். கேட்க நல்லதாகத்தானே இருக்கிறது? ஆனால் ஆள் தட்டுப்பாடு வந்து கூலி ஏறும் ஆபத்து தலைகாட்டினால் கப்பலை நிறைக்கலாம். விலை சரிந்தால் அதே நிதியில் ஆட்களைத் திருப்பி அனுப்பலாம். 1930களின் பெருமந்தத்தில் அப்படித்தான் கூட்டம் கூட்டமாகத் திருப்பி அனுப்பினார்கள். உழைப்பு எல்லையற்றதாக இருந்தது, ஏனென்றால் அதை அப்படி வைத்திருக்க ஓர் அலுவலகமும் ஒரு வங்கிக்கணக்கும் இருந்தன.

வேறொரு கதவு அதே காலத்தில் சாத்தப்பட்டது. ஆஸ்திரேலியா 1901இல் குடிநுழைவுக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்து வெள்ளையரல்லாதவரை வெளியே நிறுத்தியது. கம்பளிக்காரனின் கூலிக்குப் போட்டிபோட நம்மவரை விட்டிருந்தால் லூயிஸ் சொன்ன இரண்டு உலகங்களும் அவ்வளவு தெளிவாகப் பிரிந்து நின்றிருக்குமா? லூயிஸ் இதை அறியாதவர் அல்லர். குடியேற்ற அரசுகள் ஆப்பிரிக்காவில் மக்களின் நிலத்தைப் பறித்து, வரி போட்டு, ஆட்களைத் தோட்டத்துக்குத் துரத்தியதை 1954 கட்டுரையிலேயே சொல்கிறார். ஆனாலும் பாடப்புத்தகங்களில் தங்கியது அந்தப் பகுதியல்ல, வளைகோட்டு வரைபடம்தான். 1938 ஜூனில் இந்திய அரசாங்கம், கூலிக்குறைப்பைக் காரணம் காட்டி, உதவித்தொகையோடு மலாயாவுக்கு ஆள் அனுப்புவதைத் தடைசெய்தது. ஒரே உத்தரவில் எல்லையற்றது எல்லைக்குள் வந்துவிட்டது.

ஊர்ப்பக்கத்துக் கணக்கைப் பார்க்க இன்னொரு பரிசைப் பற்றிச் சொல்ல வேண்டும். நோபல் அளவுக்குப் பெயர்பெற்றதல்ல. கேம்பிரிட்ஜில் பொருளாதார வரலாற்றுக்குத் தரும் எலன் மக்ஆர்தர் பரிசு. அதைப் பெற்றவர் தர்மா குமார். 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தின் விவசாயத் தொழிலாளர்களைப் பற்றிய அவருடைய ஆய்வு, நிலமும் சாதியும் என்ற தலைப்பில் 1965இல் நூலாக வந்தது. நிலமற்ற கூலிகளை உண்டாக்கியதே வெள்ளைக்காரன்தான் என்ற வாதத்தை அவர் ஏற்கவில்லை. ஆங்கில ஆட்சிக்கு முன்பே, சாதியால் நிலத்தோடு பிணைக்கப்பட்ட பெரும் உழைப்பாளர் கூட்டம் தென்னிந்தியாவில் இருந்தது என்று ஆவணங்களை வைத்து நிறுவினார். இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போன குடிபெயர்வையும் அந்தப் பின்னணியில் வைத்தே பார்த்தார்.

லூயிஸின் கோட்பாட்டுக்கு இது பெரிய திருத்தம். ஊர் வயலில் எவ்வளவு விளைந்தது என்பது மட்டும் கேள்வி இல்லை. விளைந்ததில் பண்ணையாளுக்கு எத்தனை மரக்கால் என்பதும் கேள்வி. பாங்காக் சாலையில் லூயிஸுக்கு விடை கிடைத்த அதே 1952ஆம் ஆண்டில்தான், தஞ்சாவூர்ப் பண்ணையாட்களின் பங்கை உயர்த்த சென்னை அரசு சட்டமே போட வேண்டியிருந்தது. அந்தக் குறைந்த மரக்கால்தான் கடல் கடந்து வந்து நம் தோட்டத்துச் சம்பளமாக நின்றது. இதைப் பேசும்போது நம்மில் சிலருக்கு முகம் மாறும். வெள்ளைக்காரத் துரையைத் திட்டுவது சுலபம், ஊர் மிராசுதாரைக் கணக்கில் சேர்ப்பது சங்கடம். ஆனால் கணக்கு இரண்டு பேரையும் சேர்த்தால்தான் நேராகிறது.

பெண்களுக்கு வருகிறேன். 1920களின் பிற்பகுதியில் முக்கியப் பகுதிகளில் நிர்ணயித்த தோட்டக்கூலி ஆணுக்கு நாளுக்கு 50 சென்ட், பெண்ணுக்கு 40 சென்ட். அதே மரம், அதே உளி, அதே வாளி. விடியுமுன் அடுப்பு மூட்டிவிட்டுப் போனவர் அவர். திரும்பி வந்து மறுபடி அடுப்பு மூட்டியவரும் அவர். இந்த 10 சென்ட் வித்தியாசத்தை யார் முடிவுசெய்தது, எந்தக் காரணத்துக்காக? 2023இல் கிளாடியா கோல்டின் தனியொருவராகப் பொருளாதார நோபல் பெற்றார். அப்படிப் பெற்ற முதல் பெண்மணி. அமெரிக்கப் பெண்களின் வேலையை 200 ஆண்டுக் காலத்துக்குத் தேடி, கணக்கெடுப்பில் விடுபட்ட மனைவிகளையும் பண்ணைப் பெண்களையும் திரும்பச் சேர்த்ததுதான் அவரது பெரிய சாதனை. பிரட்டுப் புத்தகங்களை வைத்து நம் பெண்களுக்கு அதே வேலையைச் செய்யலாம். எஞ்சியிருக்கும் புத்தகங்களைக் கரையான் விட்டுவைத்தால்.

பாயான் லெப்பாஸ் கதை இன்னும் அருகில் நடந்தது. 1969இல் பினாங்கு, தீர்வையற்ற துறைமுகம் என்ற தகுதியை இழந்தது, வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடியது. லிம் சோங் இயூ முதலமைச்சராக இருந்த காலத்தில், 1972இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக மண்டலம் பிறந்தது. இன்டெல் அதே ஆண்டில் வந்தது. கம்பம் எனும் கிராமங்களிலிருந்து மலாய்ப் பெண்களும், தோட்டத்திலிருந்து நம் பெண்களும் தொழிற்சாலைப் பேருந்து ஏறினார்கள். ஊரில் வேலையில்லாதவர் கூட்டம், குறைந்த கூலி, வளரும் லாபம் என்று அசல் லூயிஸ். 1990களில் அந்தக் கூட்டம் தீர்ந்தது. லூயிஸ் சொன்ன திருப்புமுனை இதுதான்: இனி ஆள் கிடைக்காது, கூலி ஏறியாக வேண்டும். ஏறியதா? கொஞ்சம் ஏறியது. பிறகு நேபாளத்திலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் மியன்மாரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பினாங்குத் தொழிற்சாலையில் அடிமட்டக் கூலியை இன்று நேபாள மலையடிவாரத்து வயலும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. அந்நியத் தொழிலாளர்களைப் பற்றி நம்மவர் பேசும் பேச்சைக் கேட்கும்போது, நம் பாட்டனைப் பற்றி மற்றவர் பேசியது அப்படியே திரும்பி வருகிறது. அவர்கள் நம் கூலியைக் குறைக்கவில்லை. கதவு யார் கையில் இருக்கிறதோ அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

சரி, சட்டம் போட்டுக் கூலியை உயர்த்தினால் வேலை போய்விடும் என்கிறார்களே? இந்தக் கேள்வியை வெறும் வாதத்திலிருந்து சோதனைக்கு நகர்த்தியவர்கள் டேவிட் கார்டும் ஆலன் குரூகரும். 1992 ஏப்ரலில் நியூஜெர்சி மாநிலம் குறைந்தபட்சச் சம்பளத்தை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. பக்கத்து பென்சில்வேனியா உயர்த்தவில்லை. இருபுறமும் 410 துரித உணவகங்களை உயர்வுக்கு முன்னும் பின்னும் விசாரித்தார்கள். நியூஜெர்சியில் வேலை குறைந்ததற்கு அடையாளமே இல்லை. பொருளாதார உலகம் கொதித்தது. 2006இல் இருவரும் ஐ.இசட்.ஏ. பரிசு பெற்றார்கள். 2021இல் கார்டுக்கு நோபல் கிடைத்தது. குரூகர் 2019இலேயே இறந்துவிட்டார், இறந்தவருக்கு நோபல் இல்லை.

நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2013இல் தீபகற்பத்தில் 900 ரிங்கிட்டில் தொடங்கியது. 2020 பிப்ரவரி 1 முதல், மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளுக்கு 1,200 ரிங்கிட், மற்ற இடங்களுக்கு 1,100 என்று பிரித்தார்கள். இதைக் கேட்டபோது எனக்குச் சட்டென்று நினைவுக்கு வந்தது நிபோங் திபால். அது செபராங் பிறை மாநகராட்சிக்குள் இருக்கிறது, 1,200. சில கிலோமீட்டர் தள்ளி, பேராக் எல்லைக்குள் பாரிட் புந்தார். கெரியான் மாவட்ட மன்றம், 1,100. அதே வட்டாரம், அதே கடைகள், அதே ஆட்கள், பழைய கரும்புத் தோட்டங்களின் அதே பூமி. நியூஜெர்சியும் பென்சில்வேனியாவும் நம் வாசலுக்கே வந்துவிட்டன! ஆனால் மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது; கடைகள் மூடின, கோவிட் எல்லாக் கணக்கையும் கலைத்தது. 2022 மே 1இல் சம்பளம் 1,500 ஆனபோது இந்த இடைவெளியும் பெரும்பாலும் மறைந்தது. 2025இல் அது 1,700 ஆனது. கட்டுப்பாட்டு ஆணைக்கு முந்திய ஏறத்தாழ ஏழு வாரங்களுக்குள்ளும், கட்டுப்பாடு தளர்ந்த பிறகான மாதங்களிலும் எல்லையின் இருபுறமும் என்ன நடந்தது என்பதை ஊழியர் சேமநிதிச் சந்தா விவரங்களைக் கொண்டு இன்றும் ஆராயலாம். முதலாளிகளிடமும் ஊழியர்களிடமும் நேரில் போய்க் கேட்கலாம். நினைவு இன்னும் மங்கவில்லை.

பரிசு பெறும் தகுதியுள்ள ஆட்கள் நம்மிடம் இல்லை என்பது பொய். இந்தத் தீவில் பிறந்து, பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் படித்த ஜோமோ குவாமே சுந்தரம், மலாயாவில் மூலதனமும் வர்க்கமும் உருவான விதத்தை எழுதியவர், 2007இல் லியோன்டிஃப் பரிசு பெற்றார். பினாங்கின் மின்னணுத் தொழிற்சாலைகளையும் அவற்றுக்கு உதிரிபாகம் செய்யும் உள்ளூர்ப் பட்டறைகளையும் ஆராய்ந்த ராஜா ராசையா, உலக அறிவியல் கழகத்தின் செல்சோ ஃபுர்டாடோ பரிசை 2014இல் பெற்றார். இவர்கள் எழுதியது எதுவும் தமிழில் ஒழுங்காகப் படிக்கக் கிடைப்பதில்லை. லூயிஸின் 1954 கட்டுரையும் அப்படித்தான். யாரைப் பற்றி எழுதப்பட்டதோ அவர்களின் பேரப்பிள்ளைகள் படிக்கும் மொழியில் அது இல்லை.

ஆகவே அறக்கட்டளைக் குழுவினருக்கு ஒரு விண்ணப்பம். ஆண்டுக்கு ஒரு சொற்பொழிவு போதாது. என்னைப் போன்றவர்களைக் கூப்பிட்டுப் பேசவைப்பது மலிவான வேலை. அடுத்த ஆண்டிலிருந்து ஓர் ஆய்வுப் பரிசை ஏற்படுத்துங்கள். முடித்த ஆய்வுக்கு மாலை போடும் பரிசாக இருக்க வேண்டாம். தொடங்கப்போகும் ஆய்வுக்கு ஓராண்டுச் சம்பளமும் பயணச் செலவும் கொடுக்கும் பரிசாக இருக்கட்டும். முடிவைத் தமிழிலும் எழுத வேண்டும் என்று நிபந்தனை வையுங்கள். முதல் ஆண்டுக்குத் தலைப்பையும் நானே சொல்லிவிடுகிறேன். குறைந்தபட்சச் சம்பள ஆணை வீட்டுப் பணியாளர்களுக்குப் பொருந்தாது என்று சட்டமே சொல்கிறது. இந்த நகரத்து அடுக்குமாடி வீடுகளில் எத்தனை பெண்கள், என்ன சம்பளத்துக்கு, எத்தனை மணிநேரம் வேலைசெய்கிறார்கள்? இந்த அரங்கில் உட்கார்ந்திருக்கும் மாணவர் யாராவது ஒருவர் இதை எடுத்துச் செய்ய முன்வந்தால், கூட்டம் முடிந்ததும் குழுவின் செயலாளரிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.